பாவைக்களமும் பூமாலையும்: கைவழிப் பண்பாட்டுக் கலப்புப் பற்றிய ஓர் ஆய்வு

திருவண்ணாமலை என்னும் பெயரால் வழங்கும் இடங்களுள் இரண்டு இக் கட்டுரைக்கு வேண்டுவன. வடக்கே அருணாசலம் எனவும் வழங்கும் திருவண்ணாமலையைத் தமிழர் அனைவரும் அறிவர். தெற்கே, சீவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் அடுத்து, அதே பெயருடைய சிறு குன்று ஒன்று உண்டு. அதன்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டுள்ளார். தென்திருப்பதி என்று அதனைப் போற்றும் மக்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே திரள்வர். முன்னது சிவத்தலம், பின்னது திருமால் தலம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது வடக்கேயுள்ள அண்ணாமலையில் என்பது மரபு. ஆண்டாள் திருப்பாவை பாடிய வில்லிபுத்தூரோ தெற்கேயுள்ள அண்ணாமலைக்கு அண்மையது.

பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டு, ஒரு மலை மற்றொன்றன் பெயரைக் கடன் பெற்றது என்று எவரேனும் கூறின், வேறு சான்று யாது என்று நாம் உடனே வினவுவோம். உயர்ந்த குன்றுகளுக்கு ஒரே சொல்லால் பெயரிடும் வழக்கம் பொதுவாக இருந்திருக்கலாமன்றோ என்போம். ஆயின், பாடல்கள் இரண்டு ஒத்திருக்கக் கண்டால் மட்டும் இவ் எச்சரிக்கையை நாம் மறந்துவிடுகின்றோம். ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்று கூறி, அதன்மேல் காலக் கணக்கையும் கட்டிவிடுகின்றோம். வகுப்பறையில் யாமும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்து வந்தோம். அது பிழை என்று இன்று கருதுகின்றோம். அப் பிழை எங்கே உளது என்று காட்டுதலே இக் கட்டுரையின் நோக்கம்.

எம் முடிபைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். சமயங்களுக்கு இடையிலும் மொழிகளுக்கு இடையிலும் நிகழ்ந்த பண்பாட்டுக் கொடுக்கல் வாங்கலுள் பெரும்பகுதி ஏட்டிலிருந்து ஏட்டுக்குச் சென்றதன்று. மக்கள் ஒருங்கு கூடிக் கையாற் செய்த செயல்களின் வழியே அது சென்றது. மணலில் சிற்றில் இழைத்தல், பாவை செய்து நோன்பிருத்தல், பூப்பறித்தல், மாலை தொடுத்தல், ஊசலாடுதல் என்பன அச் செயல்கள். செயல் பொதுவாயின், அதனோடு பிறக்கும் பாட்டும் ஒருபுடை பொதுவாகவே இருக்கும். அப் பொதுமையைக் கடன் என்று கொள்ளுதல் பொருந்தாது.

ஆடல் பொதுமை

இக் கருத்துக்கு முதற் சான்று சிலப்பதிகாரம். வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப்பாட்டு என்பன அடுத்தடுத்து வருகின்றன. அம்மானையாடும் மகளிர் சோழனையும், பந்தாடும் மகளிர் பாண்டியனையும், ஊசலாடும் மகளிர் சேரனையும் பாடுகின்றனர். உலக்கை கொண்டு குற்றும் வள்ளைப்பாட்டிலோ மூவேந்தரும் வாழ்த்தப் பெறுகின்றனர். போர்க்களத்தில் ஒன்றுபடாத மூவர் மகளிரின் விளையாட்டில் ஒன்றுபடுகின்றனர். அம்மானைக் காயும் பந்தும் ஊசற் கயிறும் எந்த நாட்டுக்கும் தனியுரிமை அல்ல என்பதை இளங்கோவடிகள் நன்கு உணர்ந்திருந்தார் என்பது தெளிவு.

பின்னர்ப் பத்தி இயக்கக் காலத்துப் புலவர்கள் இதே பொதுநிலத்தில் நின்று பாடினர். பெரியாழ்வார் உந்தி பறத்தல் பாடினார். மாணிக்கவாசகர் திருவுந்தியார் பாடினார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் பதினொன்றாம் பத்தில் சாழல் பாடினார்; மாணிக்கவாசகர் திருச்சாழல் பாடினார். ஆண்டாள் திருப்பாவை பாடினார்; மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார். திருவம்மானை, திருப்பூவல்லி, திருப்பொன்னூசல், திருப்பொற்சுண்ணம் என்று திருவாசகத்தில் மகளிர் ஆடலையும் தொழிலையும் ஒட்டிய பகுதிகள் மேலும் பல உள்ளன.

இவற்றுள் உந்தியை முதற்கண் நோக்குவோம். இருவர் பாட்டும் பறத்தலைக் குறிக்கும் ஏவற்சொல்லில் முடிகின்றன. இருவர் பாட்டிலும் மகளிரே பாடுநர். இறைவனின் வெற்றியே இருவர்க்கும் பாடுபொருள். பெரியாழ்வார் ஒரு பாட்டில் கண்ணனையும் அடுத்த பாட்டில் இராமனையும் மாறிமாறிப் பாடுகின்றார். எதிரெதிர் இருவர் பாடும் ஆட்டத்தின் சாயல் இதில் விளங்குகின்றது. மாணிக்கவாசகரோ முப்புரம் எரித்த செய்தியையும் தக்கன் வேள்வி தகர்த்த செய்தியையும் தொடர்ந்து பாடுகின்றார். அவர்தம் செய்யுள் குறுகியது. பெரியாழ்வார் செய்யுள் அதனினும் நீண்டது. ஒருவர் மற்றவர் நூலைக் கண்டு பின்பற்றியிருப்பின் செய்யுளின் அளவும் அமைப்பும் உடன் வந்திருக்கும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. அவை வரவில்லை. வந்தது ஆட்டத்தின் முடிப்புச் சொல் ஒன்றே. அது தெருவில் ஆடிய எந்தச் சிறுமியிடமும் கேட்கக் கூடியது.

சாழலும் இத்தகையதே. ஒருத்தி இறைவன் செயலில் குறை காண்கின்றாள். மற்றொருத்தி அதற்கு விடை கூறுகின்றாள். சிவன் சுடலையில் ஆடுவதும், திருமால் பிறர்க்குத் தூது நடந்ததும் இங்ஙனம் வினாவும் விடையும் ஆகின்றன. எதிரியின் வாயால் கூறத்தக்க குறையைத் தோழியின் வாயிலே வைத்துவிட்டமையால் சமயப் பூசல் விளையாட்டாக மாறுகின்றது. வாதமன்றத்தில் சைவரும் வைணவரும் முரணியது உண்மை. அம் முரண்பாட்டை இரு சாராரும் ஒரே ஆட்டத்தின் விதிக்கு உட்படுத்திப் பாடினர் என்பதும் அதனினும் குறையாத உண்மை. இலக்கிய வரலாறு எழுதுவோர் முதலாவதற்குத் தரும் இடத்தில் பாதியேனும் இரண்டாவதற்குத் தருதல் வேண்டும்.

பாவைப் பாட்டின் சிக்கல்

இனி, எம் கருத்துக்கு வலிய தடையாக நிற்கும் பாவைப் பாட்டுக்கு வருவோம். உந்தியில் யாப்பு வேறுபட்டது என்றோம். பாவையில் யாப்பு ஒன்றுபடுகின்றது. திருப்பாவை 30 பாடல். திருவெம்பாவை 20 பாடல். இரண்டும் எட்டடிக் கொச்சகக் கலிப்பாவால் ஆயவை. இரண்டும் பாவையை விளித்து முடிவன. துயிலும் தோழியை வாயிலில் நின்று எழுப்புதல், உள்ளிருப்பவளும் புறத்திருப்பவரும் உரையாடுதல், நீராடுதல், மழை வேண்டுதல் ஆகிய நிகழ்ச்சிகளும் பொதுவாயுள்ளன.

இவ் ஒற்றுமையிலிருந்து ஆராய்ச்சியாளர் எதிரெதிர்த் திசையில் சென்றுள்ளனர். மாணிக்கவாசகர் மூன்றாம் நூற்றாண்டினர் என்பது ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்னும் நூலில் மறைமலையடிகள் நிறுவ முயன்ற கருத்து. திருக்கோவையாரில் வரும் வரகுணன் பெயர் முதலியவற்றைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பார் பலர். முன்னவர் கருத்தைத் தழுவுவோர்க்குத் திருவெம்பாவை முன்மாதிரி. பின்னவர் கருத்தைத் தழுவுவோர்க்குத் திருப்பாவை முன்மாதிரி. ஒரே ஒற்றுமை இரு முடிவுக்கும் ஒப்ப உதவுகின்றது. இரு திசைக்கும் ஒத்து நிற்பது எத் திசைக்கும் சான்றாகாது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

மு. இராகவையங்கார் திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் பற்றிய குறிப்பைக் கொண்டு அதன் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். அக் கணிப்பை ஏற்பாரும் உளர்; மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், அது வானியல் என்னும் புறச்சான்றை நாடிய முயற்சி. முறையளவில் அது செல்லத்தக்க வழி. இரு பாட்டும் ஒத்திருக்கின்றன என்பது மட்டும் அத்தகைய வழியன்று.

ஏனெனில் பாவை நோன்பு இவ் இரு புலவர்க்கும் முற்பட்ட வழக்கம். பரிபாடலின் பதினொன்றாம் பாட்டில் வையையில் மகளிர் நீராடும் காட்சி நல்லந்துவனாரால் பாடப்பெற்றுள்ளது. மார்கழித் திருவாதிரை, முதுபெண்டிர் நோன்புமுறை காட்ட இளமகளிர் ஆடுதல், நாடு மழையால் குளிர வேண்டும் என்னும் வேண்டுகோள் ஆகிய கூறுகள் அங்கேயே உள்ளன. திருப்பாவையிலும் பாவைக்களம் என்னும் சொல் வருகின்றது. பிள்ளைகள் கூடிப் பாவை அமைத்து நோன்பு நோற்கும் இடம் அது. திருப்பாவையும் திருவெம்பாவையும் பிறந்த நிலம் அக் களமே. ஆகலின் காலம், பாடுநர், விளி, வேண்டுகோள் ஆகிய நான்கும் நோன்பு தந்தவை. புலவர் ஒருவர் மற்றவர்க்குத் தந்தவை அல்ல.

இங்கே ஒரு தடை எழும். மழைப் பாட்டை எடுத்துக் காட்டி அறிஞர் வினவுவர். திருப்பாவையின் நான்காம் பாட்டில் மேகத்தின் கருமை திருமாலின் நிறமாகவும், மின்னல் ஆழியாகவும், இடி சங்கின் ஒலியாகவும், மழைத்தாரை அவன் வில்லிலிருந்து பொழியும் அம்பாகவும் உருவகம் பெறுகின்றன. திருவெம்பாவையின் பதினாறாம் பாட்டில் மேகம் உமையம்மையின் நிறமாகவும், மின்னல் அவள் இடையாகவும், இடி அவள் சிலம்பொலியாகவும், வானவில் அவள் புருவமாகவும், மழை அவள் அருளாகவும் கூறப்படுகின்றன. நோன்பு மழையை வேண்டலாம். மழையை உறுப்புறுப்பாகத் தெய்வத்தோடு ஒப்பிடுமாறு நோன்பு கற்பித்ததோ என்பது அவ் வினா.

இவ் வினா வலியது. இதனை எளிதில் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. ஆயினும் முல்லைப்பாட்டின் தொடக்கத்தை நோக்குக. சங்கும் ஆழியும் ஏந்தி ஓங்கி நின்ற மாலைப் போல மேகம் எழுந்தது என்று நப்பூதனார் பாடியுள்ளார். மேகத்தைத் தெய்வத்தோடு ஒப்பிடுதல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய நெறி. அந் நெறியும் நோன்பின் மழை வேண்டுகோளும் ஒருங்கு சேர்ந்தால் இத்தகைய பாட்டு இருவர் உள்ளத்திலும் தனித்தனியே பிறத்தல் கூடும். அன்றி, ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டிருத்தலும் கூடும். யாம் மறுப்பது கேட்டிருத்தலையன்று; கேட்டவர் யார் என்பதை இவ் ஒற்றுமையே சொல்லும் என்பதைத்தான் மறுக்கின்றோம். ஆண்டாளின் உருவகம் படைக்கலங்களின் அடுக்கு; மாணிக்கவாசகரின் உருவகம் பெண்ணுருவின் அடுக்கு. ஒன்றைத் திரித்து மற்றொன்றைப் பெறலாம். எதைத் திரித்தார் என்பது பாட்டிலிருந்து பெறப்படவில்லை.

கைத்தழும்பின் கல்வி

இதுகாறும் ஆடலின் பொதுமையைக் கண்டோம். வில்லிபுத்தூர்ப் புலவர் இருவரும் இப் பொதுமையைப் புறத்தே நின்று கண்டு பாடியவர் அல்லர் என்பது அடுத்து உணரத்தக்கது. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்தவர். பாண்டியன் அவைக்குச் சென்று பொற்கிழி பெறுமாறு இறைவன் பணித்தபோது, தம்மிடம் சாத்திர அறிவு இல்லை, மண் கொத்திய கையின் தழும்பே உண்டு என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகக் குருபரம்பரை கூறும். இது வரலாறோ புனைவோ எனினும், மரபு அவரை எவ்வாறு நினைவில் வைத்துள்ளது என்பதைக் காட்டும்.

அத் தழும்பின் கல்வி அவர் பாட்டில் தெரிகின்றது. கண்ணனைப் பூச்சூட்ட அழைக்கும் பதிகத்தில் பொதுப்படப் பூ என்று கூறி அவர் அமையவில்லை. செண்பகம், பாதிரி, மல்லிகை, இருவாட்சி என்று பாட்டுக்குப் பாட்டு மலர் மாறுகின்றது. மாலைகட்டுவார் கூடையிலிருந்து ஒவ்வொரு மலராக எடுத்து வைக்கும் முறை அது. மற்றொரு பதிகத்தில் தாய் தன் மகளைப் பற்றிக் கூறுகின்றாள். முற்றத்து மணலில் சிற்றில் இழைக்கும் அவள் சங்கும் சக்கரமும் தண்டும் வாளும் வில்லும் அன்றி வேறொன்றும் வரைவதில்லை. சிறுமியின் பத்தியை அவள் சொல்லால் அறியாமல், அவள் விரல் மணலில் வரைந்த கோட்டால் தாய் அறிகின்றாள். இதனினும் நுட்பமாகக் கைச்செயலின் பொருளை உணர்த்துதல் அரிது.

ஆண்டாளிடத்தில் இந் நுட்பம் மேலும் வளர்கின்றது. நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களுள் முதலாவதில் தரையை விளக்கி நுண்மணலால் மண்டலம் இடுகின்றாள். இரண்டாவதில் சிற்றில் இழைக்கின்றாள். நான்காவதில் மணலில் கூடற் சுழி வரைந்து குறி பார்க்கின்றாள். சிற்றிற் பதிகத்தில் சிறு கலமும் சிறு சுளகும் மணலும் கருவிகளாகப் பேசப்படுகின்றன. நாள் முழுதும் குனிந்திருந்து இழைத்தமையால் முதுகு நொந்தது என்று சிறுமியர் கண்ணனிடம் முறையிடுகின்றனர். சிற்றில் சிதைத்தல் பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாயிற்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பலர் அதனைப் பாடினர். முதுகு நோவைச் சொன்னவர் அவருள் மிகச் சிலரே. மரபு பொதுவாயினும், அம் மரபுக்குப் பிறப்பிடமான உழைப்பை உடலால் அறிந்தார் பாட்டில் ஒரு சொல் மிகுதியாக நிற்கும். திறனாய்வாளர் தேட வேண்டுவது அச் சொல்லையே.

பிள்ளைத்தமிழ் இங்கு மற்றொன்றையும் காட்டும். நபிகள் நாயகத்தின் மீதும் இயேசுபிரான் மீதும் அவ் இலக்கியம் பாடப்பெற்றுள்ளது. கொள்கையால் வேறுபட்ட சமயத்தாரும், மழலையைக் கைகொட்டச் செய்யும் வீட்டு மகிழ்ச்சியில் வேறுபடவில்லை.

மாலை சென்ற வழி

பொதுச்செயல் மொழியெல்லையைக் கடந்தபோது நிகழ்ந்தது யாது என்பதை இனிக் காண்போம். கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா ஆறு ஆசுவாசங்களால் ஆகிய பெருங்காப்பியம். கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள சிரீகாகுளத்தில் ஆந்திர விட்டுணு கனவில் தோன்றி, ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கிலேயே பாடுமாறு பணித்ததாக அவர் நூல் முகத்தில் கூறுகின்றார். நூற்பெயர் சூடிக் கொடுத்தவள் என்னும் தமிழ் வழக்கின் வடமொழி ஆக்கம். அரசர் ஒருவர், தம் பேரரசின் தென்கோடியில் மாலை தொடுத்த ஒரு பெண்ணின் செயலையே தம் நூலுக்குப் பெயராக்கினார்.

இங்கே எல்லை ஒன்றும் உண்டு. தெலுங்குக்குச் சென்றது ஆண்டாளின் கதை. ஆண்டாளின் பாட்டு வடிவம் அன்று. தோழியரை எழுப்பும் பாவைப் பாட்டின் அமைப்பு அங்கே இல்லை. வருணனையும் கிளைக்கதையும் நிறைந்த காப்பிய அமைப்பே உளது. பாவைக்களத்தில் ஆடாத அரசர்க்குப் பாவைப் பாட்டு பாடற்கு வரவில்லை என்று கூறின் அது குறையாகாது. அவர் அறிந்தது கோயிலும் மாலையும். அவற்றையே அவர் எடுத்துக்கொண்டார். எது கடந்தது, எது கடக்கவில்லை என்று பிரித்துக் காணும்போதே கலப்பின் இயல்பு விளங்கும்.

ஏட்டின் வழிச் சென்ற இக் கதைக்கு ஈடாகக் கையின் வழிச் செல்லும் மாலை இன்றும் செல்கின்றது. வில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசிப் பெருவிழாவின்போது திருமலைக்கு அனுப்பப்பெற்றுக் கருடசேவை நாளில் வேங்கடவனுக்குச் சாத்தப்படுகின்றது. சித்திரையில் மதுரைக்குச் சென்று, வையையில் இறங்கும் அழகருக்கும் சாத்தப்படுகின்றது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கின்றது. தெலுங்கு வழங்கும் நிலத்தில் தமிழ்ப் பாட்டு ஒரு திங்கள் முழுதும் ஒலித்தற்கு அரசாணையோ மொழிபெயர்ப்போ காரணமன்று; நோன்பும் மாலையும் இரு நிலத்தார்க்கும் பொதுவாயிருத்தலே காரணம்.

வில்லிபுத்தூருக்கு அண்மையிலேயே இதற்கு மற்றொரு களம் உண்டு. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசுக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் குடியேற்றத்தை ஆமுக்தமால்யதாவோடு முடிச்சிடுதல் எம் கருத்தன்று. தென் திருவண்ணாமலைக் குன்றிற்குப் புரட்டாசிச் சனிக்கிழமை படியேறுவாரிடையே தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குவதை மட்டும் குறிக்கின்றோம். கையில் துளசியை ஏந்தி வருவார்க்கு அவ் வேளையில் மொழி வேறுபாடு தடையாவதில்லை.

கிளியின் உடல்

வில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கரத்தில் அமரும் இலைக்கிளி எம் கருத்தை ஐயத்துக்கு இடமின்றி விளக்கும். இக் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகின்றது. மாதுளம்பூ அதற்கு அலகு, காக்காப்பொன் கண், வாழைநார் கட்டும் கயிறு. உடலும் சிறகும் இலைகளால் ஆயவை. அவ் இலைகளுள் மரவள்ளி இலையும் ஒன்று.

மரவள்ளி தென்னமெரிக்காவில் தோன்றிய செடி. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே அது இந் நாட்டுக்கு வந்தது. ஆகவே ஆண்டாள் காலத்தில் எவரும் மரவள்ளி இலையால் கிளி செய்திருத்தல் இயலாது. இதனைக் காட்டி, இக் கிளி பழமையானதன்று என்று ஒருவர் வாதிடலாம். அவ் வாதம் பொருளையும் செயலையும் வேறுபடுத்தி உணராமையால் எழுவது. கடல் கடந்து வந்த செடியின் இலை மடிப்புக்கு இணங்குவதைக் கண்ட கை, அதனை ஏற்றுக்கொண்டது. எவரும் மன்றம் கூட்டி அயல் இலையை ஏற்கலாமா என்று வாதிட்டதாகத் தெரியவில்லை. பண்பாட்டுக் கலப்பு பெரும்பாலும் இங்ஙனமே நிகழ்கின்றது. கிளியை வைத்து மரவள்ளியின் வருகையைக் கணிக்கலாகாது; மரவள்ளியை வைத்துக் கிளி செய்யும் வழக்கத்தின் தொன்மையையும் கணிக்கலாகாது. பாட்டின் கூறுகளுக்கும் இவ் விதியே பொருந்தும்.

சயாமில் நின்ற ஒலி

கை பிரிந்து ஒலி மட்டும் சென்றால் விளைவது யாது என்பதற்குச் சயாம் நாடு சான்று. பாங்காக்கு நகரில் அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் நடத்தும் விழா திரியம்பாவாய், திரிபவாய் என்று வழங்கும். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களின் திரிபே இவை என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. முதலில் சிவனையும் பின்னர்த் திருமாலையும் வரவேற்கும் இவ் விழாவில் தமிழ்ப் பாடல்கள் ஓதப்பெற்று வந்துள்ளன. தமிழகத்தில் முரணிய இரு சமயமும் அங்கே ஒரே விழாவில் அடுத்தடுத்து அமர்ந்தன.

ஆயின் ஓதுவார்க்குப் பாடலின் பொருள் தெரியாமற் போயிற்று. மகளிர் நோன்பு என்னும் அடிப்படையும் மறைந்து, அரசவைச் சடங்காக மாறிற்று. அவ் விழாவின் உறுப்பாகிய ஊசலாட்டம் மட்டும் மக்கள் கண்டு களித்த செயலாக நெடுங்காலம் நிலவியது. முதலாம் இராமன் 1784-இல் நாட்டிய பேரூசலில் ஆடவர் உயர ஆடித் தொங்கும் பணப்பையைப் பற்றுவர். அதுவும் 1935-இல் நிறுத்தப்பெற்றது. 2007-இல் தேக்குமரத்தால் புதிய ஊசல் நிறுவப்பெற்றதாயினும், அது நினைவுச் சின்னமாகவே நிற்கின்றது. விழாச் சடங்கு கோயிலில் தொடர்கின்றது.

இதனைத் தமிழின் பெருமைக்குச் சான்றாக மட்டும் மேடைகளில் எடுத்துரைத்தல் வழக்கம். அப் பெருமையை யாமும் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாவைக்களம் இல்லாத இடத்தில் பாவைப் பாட்டு ஒலியாய் நின்றது, பொருளாய் நிற்கவில்லை. திருமலையில் அது பொருளோடு நிற்பதற்கும் சயாமில் ஒலியாய் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு தொலைவினால் மட்டும் வந்ததன்று. மார்கழி வைகறையில் எழுந்து நீராடிக் கோலமிட்டுப் பாடும் மக்கள் ஓரிடத்தில் உளர், மற்றோரிடத்தில் இலர்.

முடிபு

மேற்கூறியவற்றால் ஒப்பீட்டாய்வில் பின்பற்றத்தக்க நெறிகள் மூன்றினை யாம் முன்வைக்கின்றோம். முதலாவது, ஆடலோ தொழிலோ தானே தரும் கூறுகளை, அதாவது பாடுநர், காலம், விளி, முடிப்பு, வேண்டுகோள் ஆகியவற்றை, ஒருவர் மற்றவரைப் பின்பற்றியதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. இரண்டாவது, அக் கூறுகளை நீக்கியபின் எஞ்சும் அரிய சொல்லோ தனிப்பட்ட பொருளடைவோ இருப்பின், அதனையே தொடர்புக்குச் சான்றாக ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, தொடர்பு உறுதிப்பட்டாலும், முன்னவர் யார் பின்னவர் யார் என்பதற்குக் கல்வெட்டு, அரசர் பெயர், வானியற் குறிப்பு முதலிய வேறு சான்றை நாடுதல் வேண்டும்.

இந் நெறிகளால் நாம் இழப்பது ஒன்று உண்டு. இன்னார் இன்னார்க்குக் கடன்பட்டார் என்று உறுதியாகக் கூறும் எளிமை போய்விடும். பெறுவது அதனினும் பெரிது. திருப்பாவையும் திருவெம்பாவையும் வழக்காடும் இரு தரப்பாக நில்லாமல், ஒரே களத்தில் பாவை செய்த இரு குழுவினர் பாட்டாக நம் முன் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ் இரண்டையும் ஒருங்கே போற்றும் மாநாடுகள் தமிழகத்தில் நடைபெற்றன. மார்கழித் தெருக்களில் மக்கள் அதற்கு முன்பே செய்து வந்ததை அம் மாநாடுகள் மேடையில் ஏற்றின எனலாம். ஆராய்ச்சியாளராகிய நாம் அதனை ஏட்டில் ஏற்றுதல் இன்னும் எஞ்சியுள்ளது.

மாலைகட்டுவார், கோலமிடுவார், அம்மானையாடிய முதுபெண்டிர் ஆகியோரிடம் சென்று அவர்தம் செயல்முறையைக் கேட்டுக் குறித்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. உரைகாரர் விளக்காது விட்ட சில இடங்களுக்கு அவர் கைகளிலிருந்து விளக்கம் கிடைத்தல் கூடும். அம் முதியோர் மறைவதற்குள் இது நிகழ்தல் வேண்டும். எம் முடிபில் குற்றம் காணும் அறிஞர் அதனைத் தக்க சான்றுடன் எடுத்துக் காட்டின் நன்றியுடன் ஏற்போம்.